கோகிமா: கல்லில் நிலைத்த பெயர்கள்

நுழையும்முன்

போரின் முடிவை வரலாறு வெற்றி, தோல்வி என்னும் இரு சொற்களில் எழுதிவிடும். அப்போரில் மாண்டோரின் பெயர்களைக் காப்பது நினைவிடங்களின் பணியாகும். நாகாலாந்தின் தலைநகரான கோகிமாவிலுள்ள போர் நினைவிடம் அப்பணியை எவ்வாறு செய்கிறது என்பதையும், அதில் இடம்பெறாதவர் யாவர் என்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

போர்க்களமான குன்று

இரண்டாம் உலகப்போரின்போது, 1944 மார்ச் மாதத்தில், பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைகள் சிந்த்வின் ஆற்றைக் கடந்து இந்திய எல்லைக்குள் நுழைந்தன. அவற்றுள் 31ஆம் படைப்பிரிவு கோகிமாவை நோக்கி விரைந்தது. திமாப்பூர் தொடர்வண்டி நிலையத்தையும் இம்பாலையும் இணைக்கும் சாலை கோகிமா வழியாகவே சென்றது. அவ்வூர் வீழ்ந்தால் இம்பாலிலிருந்த படைகளுக்கு உணவும் வெடிபொருளும் செல்லும் சாலை அடைபட்டுவிடும்.

ஏப்ரல் 4ஆம் நாள் தாக்குதல் தொடங்கியது. அசாம் ரெஜிமெண்ட், அசாம் ரைபிள்ஸ், ஆங்கிலேயரின் ராயல் வெஸ்ட் கென்ட் ஆகிய படைகளைச் சேர்ந்தோர் உள்ளிட்ட சிறிய காவற்படையே ஆயிரக்கணக்கான பகைவரை எதிர்கொண்டது. குடிநீர் அளந்து வழங்கப்பட்டது. விமானங்களிலிருந்து பாராசூட் மூலம் இறக்கப்பட்ட பொருள்களுள் ஒரு பகுதி பகைவர் பக்கம் விழுந்தது. மாவட்டத் துணை ஆணையர் மாளிகையின் டென்னிஸ் திடலே இரு படைகளுக்கும் இடைப்பட்ட எல்லையாயிற்று. ஏப்ரல் 20ஆம் நாள் புதிய படையினர் வந்து, களைத்த வீரர்களை விடுவித்தனர். எனினும், போர் மேலும் பல வாரங்கள் நீடித்தது. ஜூன் 22ஆம் நாளே இம்பால் சாலை மீண்டும் திறந்தது.

சமமாய் நிற்கும் கற்கள்

போர் நிகழ்ந்த அக்குன்றிலேயே நினைவிடம் அமைந்துள்ளது. படிப்படியாக ஏறும் தளங்களில் 1,420 வீரர்களின் கல்லறைகள் உள்ளன. அதிகாரிக்குப் பெரிய கல், கடைநிலை வீரனுக்குச் சிறிய கல் என்னும் வேறுபாடு இங்கில்லை. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்குக் கல்லறைகள் இல்லை. ஆயினும், அவர்களுள் 917 பேரின் நினைவைக் குன்றின் மேற்பகுதியிலுள்ள தனிச் சின்னம் போற்றுகிறது. உடலைப் புதைத்தாலும் எரித்தாலும் பெயர் மறையக்கூடாது என்பதே இவ்வமைப்பின் உட்கருத்தாகும். டென்னிஸ் திடலின் எல்லைகளை வெண்ணிறக் கோடுகள் இன்றும் காட்டுகின்றன.

தெரியுமா?

நினைவிடத்தில் ஒரு செர்ரி மரம் உள்ளது. ஜப்பானியத் துப்பாக்கி வீரர் மறைந்திருந்து சுடுவதற்குப் பயன்பட்ட பழைய மரம் போரில் அழிந்தது. அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்ததே இன்றைய மரம்.

பெயர் பொறிக்கப்படாதோர்

குன்றின் அடிவாரத்தில் பிரித்தானிய இரண்டாம் படைப்பிரிவுக்கான பெருங்கல் நிற்கிறது. அதனை இழுத்து வந்து நிறுத்த உதவியவர்கள் நாகர்கள். தங்கள் நிலத்தில் நிகழ்ந்த பிறர் போரில் அவர்கள் உணவும் வெடிபொருளும் சுமந்தனர், காயமுற்றோரைத் தூக்கிச் சென்றனர், வீடுகளை இழந்தனர். ஆனால், அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் உயிர்கள் வீழ்ந்தன. உணவின்றிப் பின்வாங்கிய ஜப்பானியருள் எண்ணற்றோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அவர்களுடன் அப்படையெடுப்பில் இந்திய விடுதலைக்காக இந்தியத் தேசிய இராணுவத்தினரும் போரிட்டனர். மலேயாவில் வாழ்ந்த தமிழர் பலர் அவ்விராணுவத்தில் இணைந்திருந்தனர். இவ்வாறு இந்தியர் இருபுறமும் நின்ற போர் இது. மணிப்பூரின் மொய்ராங்கில் இந்தியத் தேசிய இராணுவத்திற்குத் தனி நினைவிடம் உள்ளது.

ஒரு நினைவிடம் தன்னை எழுப்பியோர் எவரைப் போற்ற விரும்பினர் என்பதைச் சொல்கிறது. கல்லிலுள்ள பெயர்களைப் படிப்பது மாண்டோர்க்கு நாம் செய்யும் மரியாதை. அங்கில்லாத பெயர்களைத் தேடி அறிவது நம் கடமை. இரண்டையும் செய்யும்போதே போரின் முழு விலை நமக்குப் புலனாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியிலுள்ள நடுகல் அல்லது போர் நினைவுச்சின்னம் ஒன்றைக் கண்டு, அது யாரைப் போற்றுகிறது, யாரைக் குறிப்பிடவில்லை என்பதைக் குறித்துக் கட்டுரை எழுதுக.

2. ‘நினைவிடம் வென்றவர்க்கு மட்டுமே உரியதா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.