பி.எட். சேர்வோர் கவனத்திற்கு

பெங்களூரில் பி.எட். படிக்க விரும்புவோர், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகளை விண்ணப்பிக்கும் முன்பே அறிந்துகொள்வது நலம்.

● சேர்க்கைத் தகுதி: கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கு இளநிலையிலோ முதுநிலையிலோ குறைந்தது 50 விழுக்காடும், அறிவியலையும் கணிதத்தையும் சிறப்பாகக் கற்ற பொறியியல் பட்டதாரிகளுக்கு 55 விழுக்காடும் தேவை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநில அரசின் விதிப்படி சலுகை உண்டு.

● அங்கீகாரம்: கல்லூரிக்குக் குழுமத்தின் அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் உள்ளனவா என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

● காலவரம்பு: இரண்டாண்டுப் படிப்பாயினும், சேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், தேர்ச்சி பெறாத தாள்களைத் தள்ளிப்போடாமல் அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

● வருகைப்பதிவு: வகுப்புகளுக்கு 80 விழுக்காடும், பள்ளிகளில் நேரடியாகப் பாடம் நடத்திப் பழகும் இன்டர்ன்ஷிப்புக்கு 90 விழுக்காடும் கட்டாயம். இன்டர்ன்ஷிப் குறைந்தது 20 வாரங்கள். வாரத்திற்கு ஆறு நாள் எனக் கொண்டால் 120 நாள்களில் 12 நாள்களுக்கு மேல் விடுப்பு எடுக்க இயலாது என்பதால், குடும்ப விசேஷங்களையும் ஊர்ப் பயணங்களையும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

● தகுதித் தேர்வு: மத்திய அரசு நடத்தும் சிடெட் தேர்வின் மொழிப் பகுதிக்குத் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம், அதன் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பதால், படிக்கும்போதே அதற்குத் தயாராவது பணிவாய்ப்பைப் பெருக்கும்.