வெந்நீர் ஏன் பால்போல் வருகிறது?

மார்கழி, தை மாதங்களில் ஹைதராபாத் வாழ் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. கீசர் குழாயைத் திறந்தால் வெந்நீர் பால் கலந்ததுபோல் வெளுத்து வருகிறது. பச்சிளங் குழந்தையை இதில் குளிப்பாட்டலாமா? பக்கத்து வீட்டுக்காரர் குளோரின் அதிகம் என்பார். மெக்கானிக், டாங்க் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்பார். இரண்டையும் உடனே நம்பிவிட வேண்டியதில்லை. காரணத்தை நாமே ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளலாம்.

ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் டம்ளரில் ஒன்றும் தெரியாது. அதில் வெந்நீரைப் பிடித்து, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வைத்துக் கவனியுங்கள். இன்னொரு டம்ளரில் அதே குளியலறையின் பச்சைத் தண்ணீரையும் பிடித்து அருகில் வையுங்கள்.

வெந்நீர் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்து, ஓரிரு நிமிடத்தில் பளிங்குபோல் ஆகிவிட்டால் அது வெறும் காற்று. தண்ணீரில் எப்போதும் காற்று கரைந்திருக்கும். குளிர்ந்த நீரில் அதிகம் கரையும், சூடான நீரில் குறைவாகவே கரையும். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 60 டிகிரியில் அதில் பாதியளவுதான். குளிர்காலத்து மொட்டைமாடித் தொட்டி நீர் கீசருக்குள் வந்து சூடேறும்போது, மிச்சக் காற்றுக்கு இடமில்லை. ஆனால் மூடிய டாங்கில் அழுத்தம் இருப்பதால் உடனே வெளியேறவும் முடியாது. நாம் குழாயைத் திறந்து அழுத்தம் குறைந்த கணமே அது கோடிக்கணக்கான பொடிக் குமிழ்களாகப் பிரிகிறது. சோடா பாட்டிலைத் திறந்தாற்போலத்தான்.

இதனால் ஒரு வேடிக்கையும் உண்டு. தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே இறங்கினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். ஆகவே ஐந்து மாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டாருக்கு வெந்நீர் வெள்ளையாகவும், மேல்மாடியில் உள்ளவர்களுக்குத் தெளிவாகவும் வரலாம். தண்ணீர் ஒன்றுதான்! இந்தக் காற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. குழந்தையைத் தாராளமாகக் குளிப்பாட்டலாம். சூட்டை மட்டும் முழங்கையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறாக, நீர் மேலிருந்து தெளிந்து அடியில் வெள்ளைத் தூளோ செதிளோ தங்கினால் அது சுண்ணாம்பு. ஹைதராபாத்தில் இதுவே முக்கியமான சங்கதி.

1908ஆம் ஆண்டு மூசி வெள்ளத்துக்குப் பிறகு கட்டப்பட்ட உஸ்மான்சாகர் 1920இலும் ஹிமாயத்சாகர் 1927இலும் முடிந்தன. பிறகு மஞ்சீரா நீரும், 2004இல் கிருஷ்ணா நீரும், 2015இல் கோதாவரி நீரும் நகருக்கு வந்தன. எங்கிருந்து வந்தாலும் பலர் இன்னும் குழாய்த் தண்ணீரை மஞ்சீரா என்றே சொல்வது வழக்கம். இந்த ஆற்றுநீர் பொதுவாகக் கடினம் குறைந்தது. போர் தண்ணீர் அப்படியல்ல. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு, நம் காலடியிலுள்ள கருங்கல் பாறையின் இடுக்குகளில் இறங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். துவரம்பருப்பு எளிதில் வேகாமலும், சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகவும் போகும் வீட்டில் கடின நீர் என்பதைச் சோதனைச்சாலைக்குப் போகாமலே சொல்லிவிடலாம்.

இந்த நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. ஊரில் நம் பாட்டிமார் வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்ததும் இதுவே. ஐயமிருந்தால் கலங்கிய டம்ளரில் இரண்டு ஸ்பூன் வெள்ளை வினிகர் விடுங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு என்று கொள்ளலாம்.

சுண்ணாம்பும் உடம்புக்குக் கெடுதலில்லை, கெடுவது கீசர்தான். ஹீட்டர் கம்பிமேல் படிந்த சுண்ணாம்பு வெப்பத்தை நீருக்கு எளிதில் விடாது. கம்பி அளவுக்கு மீறிச் சூடாகி, உறை வெடித்து, மின்சாரம் தண்ணீரில் கசிய இடமுண்டு. தண்ணீர் சூடாக முன்னைவிட நேரம் பிடிப்பதும், உள்ளே கரகரவென்று சத்தம் கேட்பதும் இதன் அறிகுறிகள். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் ஆண்டுக்கொரு முறை மெக்கானிக்கைக் கொண்டு டாங்கைக் கழுவி, கம்பியைச் சுத்தம் செய்ய வேண்டும். 'உப்பு நீள்ளு' என்றால் அவருக்கே விளங்கும். கழிவறை கழுவும் ஆசிட்டை உள்ளே ஊற்ற விடாதீர்கள். அது உட்பூச்சை அரித்துவிடும். அப்போதே மக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். டாங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து காப்பாற்றும் கம்பி அது. அது தீர்ந்துபோனால் அடுத்தது டாங்க்தான். பழுப்பு நீர் வருவது அதற்கு முன்னறிவிப்பு. சூட்டை 55 முதல் 60 டிகிரிக்குள் வைத்தால் சுண்ணாம்பு படிவதும் குறையும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கீசர் சூடாகும்போது அடியிலுள்ள பாதுகாப்பு வால்விலிருந்து நீர் சொட்டலாம். 25 லிட்டர் நீர் 20 டிகிரியிலிருந்து 60க்குச் சூடேறினால் ஒரு பெரிய டம்ளர் அளவுக்கு மேல் பெருகும். நீர் பின்னோக்கிப் போகாத அமைப்பு இருந்தால் அந்த மிச்சம் வெளியேற அதுவே வழி. தரை நனைகிறதே என்று சிலர் அதை அடைத்துவிடுகிறார்கள். அது கூடவே கூடாது. தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் டாங்க் வெடித்துவிடும். சுண்ணாம்பும் அதே வால்வை அடைக்க வல்லது; ஆகவே சுத்தம் செய்யும் நாளில் அதையும் இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வேலைக்கும் முன்பு மெயின் ஸ்விட்சை நிறுத்த வேண்டும், கீசர் ஸ்விட்ச் மட்டும் போதாது.

இரண்டு டம்ளரும் ஒன்றுபோலக் கலங்கியிருந்தால் கீசர் மேல் குற்றமில்லை. மழைக்காலத்துச் சேறோ, சம்ப்பிலோ மேல்தொட்டியிலோ தங்கிய மண்ணோ இருக்கும். டாங்கர் வந்து போன மறுநாளும் இப்படி ஆவதுண்டு. முதலில் தொட்டியைக் கழுவிப் பாருங்கள். சம்ப்பில் விழும் மஞ்சீரா நீரே கலங்கலாகவோ நாற்றத்துடனோ வந்தால் அதைக் குடிக்காமல், குடிநீர் வாரியத்தின் 155313 எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். சாக்கடை நீர் கலந்திருக்கலாம் என்பதால் இதில் தாமதம் வேண்டாம்.

காப்பிக்குச் சீக்கிரம் கொதிக்கட்டும் என்று கீசர் வெந்நீரைப் பிடித்து அடுப்பில் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. டாங்கின் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்பதை மேலே பார்த்தோம். காப்பிக்குப் பச்சைத் தண்ணீரே போதும், இரண்டு நிமிடம் கூட ஆகும், அவ்வளவுதான்.