வல்லாரையும் பிரமியும்: ஒரு பெயராய்வு

முன்னுரை

மதுரைச் சமவெளியின் வயல் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் தானே படரும் வல்லாரை, சீரகமும் கொத்தமல்லியும் அடங்கிய கேரட் குடும்பத்தைச் சார்ந்தது. இதனைப் ‘பிரமி’ எனவும் வழங்குவதால் எழும் பொருள்மயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் இனமும்

வல்லாரையை 1753இல் லின்னேயசு ‘ஹைட்ரோகாட்டைல்’ பேரினத்தில் வைத்தார். 1879இல் உர்பன் அதனைச் ‘சென்டெல்லா’வுக்கு மாற்றினார். சிறுநீரக வடிவ இலையும் கணுதோறும் வேர்விடும் தண்டும் இதன் அடையாளங்கள். வட இந்தியாவில் இதுவும் ‘பிராமி’ எனப்படுகிறது. தமிழில் நீர்ப்பிரமி என்பதோ வேறு குடும்பத்துச் செடி; சாறுள்ள சிற்றிலைகளை எதிரெதிராகக் கொண்டது. இரண்டும் ஈரநிலத்தில் வளர்வன. இரண்டும் நினைவாற்றலுக்கு உரியனவாகக் கருதப்படுவன. மயக்கத்திற்கு இவ்வொற்றுமையே காரணம் எனலாம். ஆயின் வேதிக்கூறுகள் வேறு: வல்லாரையில் ஆசியாட்டிகோசைடு, நீர்ப்பிரமியில் பாகோசைடு.

முடிவுரை

மருத்துவ நூலில் நீர்ப்பிரமியைக் குறிக்கும் ‘பிரமி’க்கு உரையாசிரியர் வல்லாரை எனப் பொருள் எழுதின், மருந்தே மாறிவிடும். எனவே வழக்குப் பெயரோடு தாவரவியற் பெயரையும் இலை வடிவையும் சேர்த்துக் குறித்தல் பதிப்பாசிரியர் கடனாகும்.