கூரையில் காத்திருக்கும் நீர்

மும்பை, புனே போன்ற நகரங்களில் பல மாடிக் கட்டடங்களில் வசிக்கும் நம்மவர்கள், கூரையில் வரிசையாகத் தொங்கும் சிறு உலோக முனைகளைப் பார்த்திருப்பார்கள். 'ஸ்பிரிங்க்ளர்' எனப்படும் தானியங்கித் தெளிப்பான்கள் அவை. ரயில்வேயில் குழாய்களோடும் பம்புகளோடும் காலம் கழித்தவன் என்ற முறையில் அவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள்.

முனையின் வாயை ஒரு மூடி அடைத்திருக்கிறது. அதைத் தாங்கி நிற்பது திரவம் நிரப்பிய சிறு கண்ணாடிக் குமிழ். வெப்பம் ஏறினால் திரவம் விரிவடையும், இடம் போதாமல் குமிழ் உடையும், மூடி விழும், அழுத்தத்துடன் காத்திருக்கும் நீர், கீழுள்ள தட்டில் மோதிக் குடைபோல் விரியும். திரவம் சிவப்பு நிறமானால் 68 டிகிரி செல்சியஸில் உடையும். சூடான இடங்களுக்குரிய பச்சைக் குமிழுக்கு 93 டிகிரி வேண்டும்.

ஒரு முனை திறந்தால் எல்லாமே கொட்டும் என்பது சினிமா தந்த எண்ணம். வழக்கமான அமைப்பில் சூடுபட்ட முனை மட்டுமே திறக்கும். ஊதுவத்திப் புகைக்கும் தாளிப்புப் புகைக்கும் அது அசையாது. அதற்குத் தெரிந்தது வெப்பம் மட்டுமே.

குழாயில் அழுத்தம் குறைந்ததும் பம்பு தானாக ஓடத் தொடங்கும். மின்சாரம் போனால் டீசல் பம்பு கைகொடுக்கும். தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை தீயை ஓர் அறைக்குள் அடக்கி வைப்பதே இதன் பெரிய உதவி. தீ அடங்கினால் புகையும் குறையும். 1997-ல் டெல்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டதற்கு மூச்சுத்திணறலே முக்கியக் காரணம் என்பதை மறக்கலாகாது.

இத்தனை இருந்தும், வால்வு மூடிக் கிடந்தால் எல்லாம் வீண். ஒழுகுகிறது என்று வால்வை அடைத்துவிட்டுப் பிறகு திறக்க மறந்த கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே உங்கள் சொசைட்டிக் கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வால்வு திறந்திருக்கிறதா? அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது? டீசல் பம்பைக் கடைசியாக ஓட்டிப் பார்த்தது எப்போது?

வீட்டில் செய்யவேண்டியவை: முனைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், அதில் துணி உலர்த்தும் கொடி கட்டாதீர்கள், அதற்குக் கீழே அரை மீட்டராவது காலியாக விடுங்கள், ஃபால்ஸ் சீலிங் போடும்போது அதை மறைத்துவிடாதீர்கள்.

தெளிப்பான் இருக்கிறதே என்று தீப்பிடித்த வீட்டில் நின்றுவிட வேண்டாம். லிஃப்டை விட்டுப் படி வழியாக இறங்குங்கள். 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீயைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே அழைத்து வருவது நம் வேலை.