பூனைக்கு இன்சூரன்ஸ்: எச்.ஆர். மெயிலில் எதைப் பார்ப்பது?

அக்டோபர், நவம்பர் வந்துவிட்டால் அமெரிக்க அலுவலகங்களில் ஓப்பன் என்ரோல்மென்ட் மெயில்கள் குவியத் தொடங்கும். மெடிக்கல், டென்டல், விஷன் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், ஏறக்குறையக் கடைசியில் 'பெட் இன்சூரன்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். மெய்ன் கூனோ ராக்டாலோ பெர்ஷியனோ வளர்க்கும் நம்மவர்கள் பலர் அதில் ஒரு டிக் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கம்பெனி கொடுப்பதுதானே, நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பு.

பெரும்பாலான இடங்களில் கம்பெனி எதையும் கொடுப்பதில்லை. மெடிக்கல் பிரீமியத்தில் பெரும்பங்கை நிறுவனம் ஏற்கும். பெட் இன்சூரன்ஸில் பெரும்பாலும் ஒரு சென்ட்கூட ஏற்காது. பணம் உங்கள் சம்பளத்திலிருந்து, அதுவும் வரி பிடித்த பிறகுதான் போகிறது. எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. கணக்கிலிருந்து வீட்டுப் பூனையின் பில்லைக் கட்டவும் முடியாது. மிஞ்சுவது குழுத் தள்ளுபடி ஒன்றுதான். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: இந்த இன்சூரன்ஸை வருஷத்தின் எந்த நாளிலும் வெளியே நேரடியாக வாங்கலாம். குட்டி ஜூனில் வீட்டுக்கு வந்தால் ஜூனிலேயே வாங்குங்கள். நவம்பர்வரை காத்திருப்பதுதான் ஜாதிப் பூனை வளர்ப்பவர் செய்யக்கூடிய பெரிய தப்பு.

காரணம் பூனையின் ரத்தத்தில் இருக்கிறது. மெய்ன் கூனுக்கு இதயத் தசை தடிக்கும் நோய் வரும். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2005ல் கண்டறியப்பட்டது. ராக்டாலில் அதே மரபணுவின் வேறொரு இடத்தில் உள்ள மாற்றம் 2007ல் தெரியவந்தது. மெய்ன் கூன்களில் சுமார் மூன்றில் ஒன்று அந்த 2005 மாற்றத்தைச் சுமப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சுமப்பதெல்லாம் நோயாக மாறுவதில்லை. ஆனால் மாறும்போது பல பூனைகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று மூச்சு வாங்கும், அல்லது ரத்தக்கட்டி அடைத்துப் பின்னங்கால்கள் செயலிழக்கும். பெர்ஷியனுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள். இதன் மரபணு 2004ல் அகப்பட்டது. ஸ்காட்டிஷ் ஃபோல்டின் காது மடிந்திருப்பதே குருத்தெலும்புக் கோளாறால்தான். அதே கோளாறு மூட்டுகளிலும் இருக்கும். அந்தப் பூனைக்கு எந்த பாலிசி நல்லது என்று என்னைக் கேட்டால், அந்தப் பூனையையே வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

இனி பாலிசிக்கு வருவோம். ஏற்கெனவே இருந்த நோய்க்குப் பணம் தர மாட்டார்கள். இது பெரும்பாலான இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பொது. 'ஏற்கெனவே இருந்தது' என்பதற்கு நோய் உறுதியாகியிருக்க வேண்டும் என்பதில்லை. பாலிசி தொடங்குமுன் அறிகுறி தென்பட்டிருந்தாலே போதும். தடுப்பூசிக்குப் போன இடத்தில் டாக்டர் ஸ்டெத் வைத்துப் பார்த்து, இதயத்தில் லேசான முணுமுணுப்பு என்று ஃபைலில் ஒரு வரி எழுதினால், பிற்பாடு வரும் இதயச் செலவு முழுவதும் கைவிட்டுப் போகலாம். கிளெய்ம் வந்ததும் கம்பெனி முதலில் வரவழைப்பது அந்த ஃபைலைத்தான். ஆகவே குட்டி கைக்கு வந்த வாரமே பாலிசி எடுங்கள்.

கையில் கிடைத்த சாம்பிள் பாலிசியில் முதலில் தேட வேண்டியது, பரம்பரை நோய்களும் பிறவிக் கோளாறுகளும் உண்டா என்பது. விபத்துக்கு மட்டும் பணம் தரும் மலிவுத் திட்டம் ஜாதிப் பூனைக்கு உதவாது. உண்டு என்றால், அதற்குத் தனி உச்சவரம்போ வயது வரம்போ இருக்கிறதா என்று பாருங்கள். மரபணுப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்து, அறிகுறி எதுவும் இல்லாத பூனையை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள் என்று மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். போனில் சொன்னதற்கு மதிப்பில்லை. பிரீடர் கொடுக்கும் வம்சாவளிச் சான்றிதழும் உடல்நலச் சான்றிதழ் ஆகாது. பெற்றோர்ப் பூனைகளின் இதய எக்கோ, மரபணு முடிவுகளைத் தனியாகக் கேளுங்கள்.

திரும்பக் கிடைக்கும் பணத்தின் கணக்கு எளிது, ஆனால் வரிசை முக்கியம். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது, பில் 4,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். டிடக்டிபிள் 250, திரும்பக் கிடைப்பது 80%. முதலில் டிடக்டிபிளைக் கழித்தால் 3,000 கிடைக்கும். முதலில் 80% போட்டுப் பிறகு கழித்தால் 2,950. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் டிடக்டிபிள் பெரிதாகப் பெரிதாக இதுவும் பெருகும். அந்த டிடக்டிபிள் வருஷத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் ஒருமுறையா என்பதையும் பாருங்கள். ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடும் இதய நோய்க்காரப் பூனைக்கு இரண்டாவது வகை லாபம். பெரும்பாலும் முழு பில்லையும் நீங்கள் கட்டிவிட்டுத்தான் பணத்தைத் திரும்ப வாங்க வேண்டும், அதனால் கார்டில் இடம் வைத்திருங்கள். பூனைக்கு வயதாக ஆக பிரீமியமும் ஏறும். தடுப்பூசி, பல் சுத்தம் இவற்றுக்கான 'வெல்னஸ்' கூடுதல் திட்டம் அநேகமாகப் போட்ட காசையே திருப்பித் தரும். விட்டுவிடலாம்.

மாநில இன்சூரன்ஸ் ஆணையர்களின் தேசிய அமைப்பு 2022ல் ஒரு மாதிரிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, நோய் ஏற்கெனவே இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. நோய்க்கான காத்திருப்புக் காலம் 30 நாளைத் தாண்டக் கூடாது, விபத்துக்குக் காத்திருப்பே கூடாது. கிளெய்ம் போடாதவரை 15 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். சில மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன, எல்லாம் அல்ல. உங்கள் மாநிலம் ஏற்றிருக்கிறதா என்று அதன் இன்சூரன்ஸ் துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகம் வழியாக எடுப்பவர்கள் எச்.ஆரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நான் வேலையை விட்டால் பாலிசி என்னாகும்? சம்பளப் பிடித்தம் நின்றதும் பாலிசி காலாவதியானால், வேறு இன்சூரன்ஸ் கம்பெனியில் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். அதுவரை பூனைக்கு வந்த ஒவ்வொரு நோயும் அங்கே 'ஏற்கெனவே இருந்தது' ஆகிவிடும். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். விண்ணப்பமும் இன்டர்வியூவுமாக அலையும்போது பூனையின் பிரீமியம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதே பாலிசியை, அதே விதிகளோடு, உங்கள் சொந்தக் கார்டுக்கு மாற்ற முடியுமா என்று சேரும்போதே கேளுங்கள். முடியாது என்றாலோ, மாற்றினால் புது பாலிசியாகக் கணக்கிடுவோம் என்றாலோ, தள்ளுபடியை மறந்துவிட்டு வெளியே நேரடியாக வாங்குங்கள். லே-ஆஃப் பேச்சு அடிபடும் அலுவலகமென்றால் யோசிக்கவே வேண்டாம்.

பூனையோடு ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு: அமெரிக்க பாலிசிகள் பெரும்பாலும் அந்நாட்டு டாக்டர்களின் பில்லையே ஏற்கும், சில கனடாவையும் சேர்த்துக்கொள்ளும். பூனை விமானம் ஏறும் நாள்வரை பாலிசியை ஓடவிடுங்கள். பிறகு ரத்து செய்து, முன்கூட்டிக் கட்டிய பிரீமியத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் திரும்பக் கேளுங்கள்.