குரல்வளைப் புற்றும் எம்.ஆர்.ஐ. படமும்

குரல் கம்மிப் போனதைச் சளியென்றும் உடற்சூடென்றும் எண்ணிக் கஷாயமும் பனங்கற்கண்டுமாக மாதங்களைக் கழித்துவிட்டு, கடைசியில் தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துக் கட்டியென்று சொன்னபின், கையில் ஒரு சீட்டுடன் ஸ்கேன் கூடத்துக்கு வந்து சேருகிறவர்கள் கதிரியக்க மருத்துவனாகிய என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "உள்ளே பார்த்தாச்சு, சதையும் எடுத்தாச்சு, புத்துன்னும் சொல்லியாச்சு, இன்னும் படம் எதுக்குங்க?"

கேள்வி நியாயமானதே. 1854-ல் மானுவேல் கார்சியா என்ற ஸ்பானிய சங்கீத ஆசிரியர் ஒரு சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் துணையாகக் கொண்டு தம்முடைய குரல் நாண்களைத் தாமே கண்டதிலிருந்து இன்றைய வளையும் குழாய் வரையில், கண்ணுக்குக் கிடைப்பது மேற்பரப்பு மாத்திரமே. நோய் நாணின்மேல் சிறியதாக நின்று, நாணும் தடையின்றி அசைந்துகொண்டிருக்குமானால் அந்தப் பார்வையே ஏறக்குறையப் போதும், அத்தகையவர்களையெல்லாம் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவது பணவிரயம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் மேலே கொஞ்சமாகத் தலைகாட்டிவிட்டு, சளிப்படலத்துக்கு அடியில் ஓசையின்றிப் பரவும் சுபாவமும் இந்த நோய்க்கு உண்டு. ஜெர்மானியச் சக்கரவர்த்தி மூன்றாம் ஃபிரெடெரிக் இளவரசராக இருந்த 1887-ல், மோரல் மெக்கன்ஸி என்ற ஆங்கில மருத்துவர் அவர் தொண்டையிலிருந்து கிள்ளித் தந்த சதைத் துணுக்குகளை, நோயியலில் அக்காலத்து மேதையான ருடால்ஃப் விர்ஹோவே சோதித்தும் புற்று தென்படவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் பட்டத்துக்கு வந்தவர், 99 நாட்களே ஆண்டு, அதே புற்றினால் மறைந்தார். கிள்ளியெடுத்த துணுக்கு தன்னைப்பற்றிச் சொல்லுமே தவிர, தான் விட்டுவந்த இடத்தைப்பற்றிச் சொல்லாது.

அந்த இடத்தைப்பற்றிய கேள்விகளுள் தலையாயது, கழுத்தின் முன்னே துருத்தி நிற்கும் தைராய்டு குருத்தெலும்பைக் கட்டி தொட்டுவிட்டதா என்பது. உட்புறத் தகட்டை மட்டும் அரித்திருந்தால் ஒரு படித்தரம். ஊடுருவி வெளியே வந்திருந்தால் அதற்கு மேற்பட்ட படித்தரம். இந்தச் சில மில்லிமீட்டர் பேதத்தின்மேல்தான், கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் குரல்வளையைக் காப்பாற்றிப் பார்ப்பதா, முழுவதும் அகற்றிக் கழுத்துத் துவாரத்தின் வழியே மூச்சுவிடும் வாழ்க்கைக்கு அவரைத் தயார்ப்படுத்துவதா என்ற தீர்மானம் பெரிதும் நிற்கிறது. 1991-ல் வெளியான அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆய்வில் 332 பேர் இடம்பெற்றனர்; அவர்களுள் முதலில் மருந்தும் பிறகு கதிர்வீச்சும் பெற்ற பிரிவினரில் 64 சதவீதத்தினருக்குக் குரல்வளை நிலைத்தது; உயிர்வாழ்வும் அறுவைப் பிரிவினருக்குக் குறையவில்லை. அதுமுதல் கதிரியக்க மருத்துவனின் பேனாவுக்கு உள்ள பொறுப்பு பன்மடங்கு கூடிவிட்டது.

சி.டி. ஸ்கேன் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆதலால் முதற்பார்வைக்கு அதுவே உத்தமம் என்பேன். ஆயினும் வயது ஏற ஏறக் குரல்வளைக் குருத்தெலும்பு ஒழுங்கின்றித் திட்டுத் திட்டாக எலும்பாகிக்கொண்டு போவதால், எலும்பாகாத திட்டும் கட்டியும் அதில் ஒரே சாயலில் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். எம்.ஆர்.ஐ. அங்கேதான் தன் பெருமையைக் காட்டுகிறது. அதில் குருத்தெலும்பு இயல்பான சாயலுடன் தெரிந்தால், நோய் அங்கே போகவில்லை என்று பெரும்பாலும் துணிந்து எழுதலாம். சாயல் மாறியிருந்தால் மட்டும் நிதானம் வேண்டும். ஏனெனில் ஒழுக்கு ஒரு விரற்கடையாயினும் சுவரில் ஊறிய ஈரம் ஒரு முழத்துக்குத் தெரிவதுபோல, கட்டியைச் சுற்றிய அழற்சியும் படத்தில் நோயாகவே வேஷம் போடும். இரண்டையும் பிரித்தறிய நான் கைக்கொள்ளும் உபாயம் இது: எம்.ஆர்.ஐ.யில் டி2 என்னும் வகைப் படத்தில் குருத்தெலும்பின் ஒளி, பக்கத்திலுள்ள கட்டியின் ஒளிக்குச் சமமாக இருந்தால் புற்றென்று ஐயுறுவேன்; கட்டியையும் மிஞ்சிப் பிரகாசித்தால் அழற்சியென்றே பெரும்பாலும் கொள்வேன்.

இவ்வளவு சூக்ஷ்மமான படத்தை ஒரு மிடறு எச்சில் பாழாக்கிவிடும் என்பதுதான் இத்தொழிலின் வேடிக்கை. ஒவ்வொரு வரிசைப் படமும் சில நிமிஷங்கள் எடுக்கும். அதற்குள் விழுங்கினாலும், இருமினாலும், ஆழ்ந்து பெருமூச்சு விட்டாலும் குரல்வளை மேலும் கீழும் நகர்ந்து படம் கலங்கிப்போகும். ஆகவே யந்திரத்துக்குள் அனுப்புமுன் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, தடதடன்னு சத்தம் கேக்கிற வரைக்கும் எச்சில் விழுங்காதீங்க, மூக்காலேயே மெதுவா மூச்சு விடுங்க, சத்தம் நின்னதும் தாராளமா விழுங்கிக்குங்க" என்று சொல்லி, ஒருமுறை ஒத்திகையும் பார்த்துவிடுகிறேன். முக்கியமான வரிசைகளை அவர் களைத்துப்போகுமுன் முதலிலேயே எடுத்துவிட வேண்டும். அவசரத்துக்கு அழுத்த ரப்பர் குமிழைக் கையில் கொடுத்து, அழுத்தியும் காட்டச் சொல்லுங்கள். மற்ற நோயாளிகள் கூப்பிட்டால் நமக்குக் கேட்கும், இவர்களுக்கோ கூப்பிடக் குரலே இல்லை.

மூச்சில் இரைச்சலோடு வருகிறவரை, மல்லாந்து படுக்கவைக்குமுன் தொண்டை மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது; அவரை அசையாதிருக்கச் செய்வதற்காக மயக்க மருந்து கொடுக்க நினைப்பது அபாயம். கழுத்துத் துவாரத்தில் உலோகக் குழாய் இருந்தால், முந்தியே மருத்துவரைக்கொண்டு பிளாஸ்டிக் குழாயாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் குழாயோடு தொங்கும் சிறு காற்றுக் குமிழின் அடைப்பிலும் பெரும்பாலும் ஒரு சின்ன உலோகச் சுருள் உண்டு. அதன் கறுப்பு நிழல் குரல்வளைமேல் விழாதபடி தோள்பக்கம் இழுத்து ஒட்டிவிடுவது நல்லது. கழற்றக்கூடிய பல்செட்டு, பேஸ்மேக்கர், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றைப் பற்றி நோயாளியே முந்திச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம்.

இத்துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடம் நான் சொல்வது மூன்றே விஷயம். படத்தின் தளம் குரல் நாண்களுக்கு இணையாக அமைய வேண்டும். சாய்ந்துவிட்டால் இரு நாண்களும் முன்னே கூடும் இடத்தில் இல்லாத தடிப்பு இருப்பதாகத் தோன்றும். சாய மருந்து செலுத்துமுன் எடுக்கும் டி1 படத்தை யாரும் அலட்சியம் செய்யவேண்டாம். குரல்வளை மூடிக்கு முன்னேயும் நாண்களின் பக்கங்களிலும் உள்ள கொழுப்பு அதில் வெண்மையாக ஒளிர்வதால், கட்டி அங்கே நுழைந்திருந்தால் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, முடிந்தவரையில் சதை எடுக்குமுன்பே படம் எடுப்பது. எடுத்தபின் உண்டாகும் வீக்கமும் ரத்தக் கசிவும் நோயின் அளவைப் பெருக்கிக் காட்டும்.

கதிர்வீச்சு முடிந்தபின் எடுக்கும் படம்தான் எல்லாவற்றினும் கடினம். நம் ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் அந்தச் சிகிச்சை, குரல்வளை முழுவதையும் சில மாதங்களுக்கு வீங்கவைத்துவிடுவதால், மிச்சமிருக்கும் நோய் எது, வெறும் வீக்கம் எது என்று உடனே எடுத்த படத்தில் தெரிவதில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் பொறுத்து எடுப்பதே பிரயோஜனம். அப்போதும், திசுவுக்குள் நீர்த்துகள்கள் ஓடும் வேகத்தை அளக்கும் டிஃப்யூஷன் படம் ஓரளவு கைகொடுக்கும் என்றாலும், காற்று நிறைந்த அந்தப் பிரதேசத்தில் அதுவும் கோணிப்போகக் கூடியதே. சிகிச்சைக்கு முந்திய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைப்போல வேறொன்றும் உதவுவதில்லை. ஆதலால் நோயாளியின் வீட்டார்க்கு ஒரு வார்த்தை: அறிக்கைத் தாளை மாத்திரம் மடித்துக்கொண்டு வராதீர்கள், முதல் நாள் எடுத்த படத்தையும் குறுந்தகட்டையும் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுவாருங்கள்.