முற்றத்துக் கோழியும் முறையான நோக்கும்

ஆராய்ச்சி என்றவுடன் நுண்ணோக்கியும், சோதனைக் குழாயும், விலையுயர்ந்த கருவிகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. இவை இல்லாத இடத்தில் அறிவியலும் இல்லை என்று எண்ணுவோர் பலர். உயிரினங்களின் நடத்தையை ஆராயும் துறைக்கு இக்கருத்துப் பொருந்தாது. அதற்கு வேண்டிய முதற்கருவி கண். அடுத்தது ஒரு குறிப்பேடு. ஆய்வுப் பொருளோ நம் வீட்டு முற்றத்திலேயே குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

கோழியை அறிவற்ற பிராணி என்பது நம் வழக்கம். ஆனால் அதன் செயல்களுக்குக் காரணம் உண்டு. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியாகும். மஞ்சள் தோலுக்குரிய மரபுக்கூறு மட்டும் நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. காட்டை விட்டு வந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும், அந்தி சாய்ந்ததும் முருங்கைக் கிளையில் ஏறி அடையும் பழக்கம் கோழியை விட்டு நீங்கவில்லை.

கொத்து வரிசை

நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டரப் எபே என்பவர் சிறு வயது முதலே கோழிகளை உற்று நோக்கி, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வந்தார். அதன் பயனாக அவர் 1922இல் வெளியிட்ட கட்டுரை உலகப் புகழ் பெற்றது. ஒரு கூட்டத்தில் ஒவ்வொரு கோழிக்கும் ஓர் இடம் உண்டு. முதலிடத்துக் கோழி அனைத்தையும் கொத்தும். கடைசிக் கோழி அனைத்திடமும் கொத்து வாங்கும் என்பது அவர் கண்ட உண்மை. இதனையே கொத்து வரிசை என்கிறோம். இவ்வரிசை எப்போதும் நேர்க்கோடாக அமைவதில்லை. முதற்கோழி இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் கொத்த, அம்மூன்றாவது முதற்கோழியையே கொத்தும் விந்தையையும் அவர் கண்டார்.

வரிசை அமைந்தபின் சண்டை குறைகிறது. மேல்நிலைக் கோழி தலையை நிமிர்த்திப் பார்த்தாலே கீழ்நிலைக் கோழி தலை தாழ்த்தி விலகிவிடும். ஆனால் இவ்வமைதிக்கு ஒரு விலையுண்டு. தீனி ஒரே இடத்தில் இருந்தால் கடைசிக் கோழி அரை வயிற்றுடன் நிற்கும், இளைக்கும், முட்டையும் குறையும். "இது நோஞ்சான் கோழி" என்று கூறி வீட்டார் அதனைக் குறைந்த விலைக்கு விற்றுவிடுவர். முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டு வாங்கும் தாய்க்கு இது சிறிய இழப்பன்று. இரண்டு மூன்று இடங்களில் தீனியை இறைத்தால் போதும். சந்தையில் வாங்கி வந்த புதிய கோழியையும் உடனே கூட்டத்தில் விடாமல், சில நாட்கள் முற்றத்திலேயே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால், மற்றவை அதனைப் பார்த்துப் பழகும், கொத்தும் குறையும்.

குரலும் பொருளும்

வானில் பருந்து வட்டமிட்டால் சேவல் மெல்லிய நீண்ட ஒலி எழுப்பும். பெட்டைகள் பதுங்கி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே நோக்கும். தரையில் நாயோ கீரியோ வந்தால் ஒலி வேறு. விட்டு விட்டு உரக்கக் கொக்கரிக்கும். அப்போது பெட்டைகள் நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்கும். கிறிஸ்டோபர் எவன்ஸ், பீட்டர் மார்லர் முதலியோர் இவ்வொலிகளைப் பதிவு செய்து, பகையே இல்லாத இடத்தில் கோழிகளுக்குக் கேட்கச் செய்தனர். ஒலியை மட்டும் கேட்டே அவை அந்தந்தப் பகைக்கு ஏற்ப நடந்துகொண்டன என்பதை 1993இல் வெளியிட்டனர். கோழியின் குரல் வெறும் அச்சக் கூச்சலன்று. வந்த பகை எத்தகையது என்பதையும் உணர்த்துவது.

அடைக்கோழி

அடைக்கு உட்கார்ந்த கோழியின் மூக்கில் இறகைச் செருகுவதும், அதனை நீரில் அமிழ்த்துவதும் சிற்றூர்களில் காணும் வழக்கம். அது பிடிவாதத்தால் உட்காரவில்லை. புரோலாக்டின் என்னும் ஹார்மோனே அதனை உட்கார வைக்கிறது. கூட்டின் வெதுவெதுப்பு வயிற்றில் படும்வரை அந்நிலை நீடிக்கும். குஞ்சு வேண்டுமாயின் இருபத்தொரு நாட்கள் விட்டுவிடலாம். வேண்டாவிடில் கூட்டிலிருந்து எடுத்து, அடியில் காற்றுப் புகும் கூண்டில், வெளிச்சத்தில், தீனியும் நீரும் வைத்துச் சில நாட்கள் அடைத்தாலே அடை கலைந்துவிடும். வதைக்கத் தேவையில்லை.

கூவும் பெட்டை

பெட்டைக்கோழி கூவினால் குடும்பத்திற்கு ஆகாது என்று அதனை அன்றே அறுத்துவிடுவோர் உண்டு. இது நம் நாட்டு மூடநம்பிக்கை மட்டுமன்று. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1474ஆம் ஆண்டு, முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டி ஒரு சேவலை விசாரித்துத் தீயிலிட்டனர்!

பெட்டைக்குப் பொதுவாக இடப்புறச் சூலகமே வேலை செய்கிறது. அது நோயால் அழிந்தால், வளராது கிடந்த வலப்புற உறுப்பு விரையைப் போல் வளரலாம். அப்போது கொண்டை பெருக்கும், கூவலும் பிறக்கும். அவ்வாறு மாறிய ஒரு பெட்டை குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆன அரிய நிகழ்ச்சியை, எடின்பரோவைச் சேர்ந்த குரூ என்னும் அறிஞர் 1923இல் வெளியிட்டார். ஆகவே அக்கூவல் நோயின் அறிகுறியாகலாம், தீநிமித்தம் ஆகாது.

"பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா?" என்று கூறிப் பெண்களின் வாயை அடைப்பதும் உண்டு. சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை. விடியலை முன்கூட்டி உணர்த்துவது சேவலின் உடலிலுள்ள உயிர்க்கடிகாரம் என ஜப்பானிய அறிஞர்கள் 2013இல் நிறுவினர். முதலிடத்துச் சேவல் கூவிய பின்னரே மற்றவை வரிசைப்படி கூவுகின்றன என்பதையும் 2015இல் காட்டினர்.

நாம் செய்யத்தக்கது

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் இதனை எளிதில் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு கோழியின் காலிலும் வெவ்வேறு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுக. நாள்தோறும் தீனி இடும் வேளையில் அரை மணி நேரம் சற்று விலகி அமர்ந்து, எது எதைக் கொத்தியது, எது விலகியது என்று கட்டமிட்ட தாளில் குறிக்க. பத்துக் கோழிகள் இருப்பின் நாற்பத்தைந்து இணைகள் உண்டு. எல்லா இணைகளும் நிரம்பும் வரை பொறுமை வேண்டும். கண்டதை மட்டும் எழுதுக. கருதியதைத் தனியே எழுதுக.

நோஞ்சான் என்றும், பிடிவாதம் என்றும், அபசகுனம் என்றும் நாம் இட்ட பெயர்கள் எல்லாம் பாராமல் சொன்ன தீர்ப்புகளே. முதலில் பார்ப்போம், பிறகு குறிப்போம், அதன் பின்னரே தீர்ப்புக் கூறுவோம். முற்றத்தில் பழகும் இம்முறை, வகுப்பறைக்கும் வாழ்க்கைக்கும் ஒருசேரப் பயன்தரும்.